குப்பிக்குள் இருந்தது

றிஷானா தூங்கினால் அடுத்த வீட்டு வளவுக்குக் கேட்கும். ஐந்து வயதுப் பிள்ளை. குறட்டை மட்டும் பெரிய ஆளுடையது. தொண்டையின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்து நடுவில் கொஞ்ச வழிதான் மிச்சம். சோறு இறங்காது. ரொட்டி இறங்காது. தாஹிர் கடை இடியப்பத்தைத் தேங்காய்ப் பாலாணத்தில் ஊறவைத்துக் கொடுத்தால் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும்.

குறட்டை கேட்கும்வரை தாய் சனூஸாவுக்குக் கவலையில்லை. அது நிற்கும்போதுதான் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அன்று பின்னேரமும் அப்படித்தான். கச்சான் காற்று கடலேரியின் சேற்று மணத்தைக் கொண்டுவந்து குசினிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சனூஸா பின்வளவில் குந்தியிருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். குறட்டை நின்றது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பிள்ளை பாயில் மல்லாந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. வயிறு எழும்பித் தாழ்ந்தது. நெஞ்சுக்குழி உள்ளே போனது. மூச்சு மட்டும் வரவில்லை. மீன் செதில் ஒட்டிய கையால் பிள்ளையைப் புரட்டினாள். ஒரு இழுப்பு. ஒரு செருமல். குறட்டை திரும்பவும் தொடங்கியது.

சனூஸா எழும்பவில்லை. அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு மூச்சைக் கேட்கிறது, மூச்சு வரவில்லை. இதை யாரோ தனக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று யோசித்தாள். நினைவு வந்தது. நஜ்முன் மதினி.

முதல் நாள்தான் திருகோணமலைக்குப் போய் வந்திருந்தார்கள். சதையை வெட்டி எடுக்கத் திகதி கிடைத்திருந்தது. எத்தனையோ மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. அதற்கு முன் மயக்க மருந்து டொக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். டொக்டர் இன்பமலர் மெலிந்த பெண். குரலை உயர்த்தாமல் பேசினார். பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஆடும் பல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு கேட்டார்.

"உங்கட குடும்பத்தில ஆருக்கும் மயக்க மருந்து குடுத்து ஏதும் பிரச்சினை வந்ததா?"

சனூஸாவின் உம்மா பரீதா முந்திக்கொண்டாள். "எங்கட குடும்பத்துல அப்படி ஒண்டும் இல்ல டொக்டர். எல்லாரும் நல்ல சுகம்."

"தகப்பன் பக்கம்?"

"மருமகனும் எங்கட ஆள்தான். என்ட மனுசன்ட ராத்தாட மகன்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அக்காவின்ர மகனா? சொந்தத்துக்குள்ள கட்டினதா? அப்ப திரும்பவும் கேக்கிறன். ஒப்பரேஷனுக்குப் பிறகு எழும்பப் பிந்தினவை, தானா மூச்சு எடுக்க ஏலாம மெஷினில வச்சவை, ஆரும் இருக்கினமா? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்ல," என்றாள் பரீதா. சனூஸாவும் தலையாட்டினாள்.

பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. நஜ்முன் நிஸாவை அந்த வீட்டில் ஒருவரும் நோயின் பக்கம் வைத்து நினைத்ததில்லை. அவளை ஜின்னின் பக்கம் வைத்திருந்தார்கள்.

நஜ்முன் நிஸா சனூஸாவின் கணவன் றுவைஸின் மூத்த சகோதரி. எட்டு வருடத்துக்கு முன் வேறொரு மாவட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தார்கள். பிள்ளை அழுதது. தாய் எழும்பவில்லை. பிரேதம் மாதிரிக் கிடந்து அடுத்த நாள் எழும்பி, எல்லாம் கேட்டது, மூச்சு மட்டும் வரவில்லை என்றாள். நெஞ்சின்மேல் ஜின் இருந்திருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதுவித்தார்கள். நூல் கட்டினார்கள். அவளுடைய மாப்பிள்ளை பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் தாயிடம் போனவன் திரும்பி வரவில்லை. பெருநாளுக்கு மட்டும் பிள்ளையைக் கண்ணில் காட்டுவார்கள்.

சனூஸா வயிற்றில் றிஷானா இருந்தபோது ஒரு கலியாண வீட்டில் நஜ்முன் பக்கத்தில் வந்து இருந்தாள். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். பரீதா வந்து மகளைக் கையில் பிடித்து எழுப்பிக்கொண்டு போனாள். பெருநாளுக்கு நஜ்முன் அனுப்பும் பலகாரம் கோழிக்குப் போகும். அவள் கையால் இந்தப் பிள்ளை ஒன்றும் வாங்கித் தின்றதில்லை.

றுவைஸ் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நண்டு வலையை முருங்கை மரத்தில் கட்டி, சிக்கின நண்டுகளைக் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். சனூஸா வலையின் மறுநுனியைப் பிடித்தாள்.

"நஜ்முன் மதினிக்கு என்ன நடந்த?"

"என்ன திடீரெண்டு? அது ஊருக்கே தெரிஞ்ச கதைதானே."

"ஊருக்குத் தெரிஞ்சத நான் கேக்கல்ல. ஆஸ்பத்திரிக்குள்ள என்ன நடந்த எண்டு கேக்கன்."

அவன் ஒரு நண்டின் காலை நோகாமல் விடுவித்தான். "நான் அப்ப கத்தார்ல. வாப்பாதான் கூட நிண்டவர். மெஷின் வெச்சாங்களாம். மறுகா தன்னால எழும்பிட்டாவாம். டொக்டர் வாப்பாட்ட என்னமோ சொன்னவராம்."

"என்ன சொன்னவராம்?"

"சிங்களத்துல சொன்னவராம். வாப்பா தலைய ஆட்டிட்டு வந்திட்டார்."

"விளங்காமலா?"

"டொக்டர் சொல்றாரு. தலையாட்டாம வேறென்ன செய்யிற?"

சனூஸா வலையை விட்டாள். "மெஷின் வெச்ச ஆள் இருக்கா எண்டுதான் நேத்து அந்த டொக்டர் கேட்டவ. ரெண்டு தரம் கேட்டவ. நாங்க இல்ல எண்டு சொல்லிட்டு வந்தம்."

றுவைஸின் கை நின்றது. குசினிக்குள்ளிருந்து பரீதாவின் குரல் வந்தது. அவளுக்குக் காது எப்போதும் கூர்மை.

"சனூஸா, உனக்கென்ன பைத்தியமா? ஜின் கதையக் கொண்டுபோய் டொக்டர்ட்ட சொல்லப் போறியா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே உம்மா."

"சிரிச்சிட்டு விட்டா நல்லம். திகதிய வெட்டிட்டா? இன்னொரு திகதிக்கு எங்க போற? புள்ள ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பொழைக்குது."

"அதுக்குத்தான் கேக்கன்."

பரீதா வாசலில் வந்து நின்றாள். கையில் தேங்காய்ப் பாதி. "சுஹைராக்கு நாள் குறிச்சாச்சு. கந்தளாய் மாப்புள்ள வீடு நல்ல மனுசர்தான். ஆனா இந்தப் பொண்ணுட குடும்பத்துல ஒருத்திக்கு ஜின் இருந்த எண்டு காதுல விழுந்தா நல்ல மனுசரும் எழும்பிப் போயிடுவாங்க. ஒன்ட தங்கச்சியையும் கொஞ்சம் யோசி."

"மாமி, அது என்ட ராத்தா," என்றான் றுவைஸ்.

"நான் இல்லயெண்டா சொன்னனான்? எனக்கும் அவ மருமகள் முறைதான். இருக்கட்டும். இருக்கிற எடத்துல இருக்கட்டும்."

றுவைஸ் வாளிப் பக்கம் திரும்பினான். மாமியின் வீட்டில் இருக்கிறவன். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு அது. அந்த வளவில் அவன் குரலுக்கு எப்போதும் ஒரு அளவு உண்டு. வாளியை மூடினான். பரீதா உள்ளே போனபிறகு சனூஸாவிடம் மெதுவாகச் சொன்னான்.

"நாளைக்கு மூதூர் பஸ்ஸில ராத்தாட்டப் போய்ட்டு வா. நான் தொழிலுக்குப் போகல்ல. புள்ளையப் பாக்கன்."

கிண்ணியாவில் ஏறிய பஸ்ஸில் சனூஸா ஜன்னலோரம் இருந்தாள். ஒரு பாலம், ஒரு களப்பு, திரும்ப ஒரு பாலம். கொட்டியாரக்குடாவின் தண்ணீர் வெயிலில் தகரம் மாதிரிக் கிடந்தது. என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். மதினி வீட்டுக்கு அவள் தனியாகப் போவது அதுதான் முதல் தரம்.

கேற்றைத் தள்ளியதும் ஆவி மணம் வந்தது. நஜ்முன் நிஸா குசினி வாசலில் காலை நீட்டி இருந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். பருத்த கை. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தாள். ஆளைக் கண்டதும் இடியப்ப உரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன புள்ள, வழி மாறிட்டியா?"

"இல்ல மதினி. ஒங்களத்தான் பாக்க வந்தனான்."

"ஆரும் மௌத்தா?"

"அல்லாஹ்வே, இல்ல."

"அப்ப ஆருக்கும் கலியாணமா? அதுக்கும் என்னக் கூப்புடமாட்டாங்களே."

அவள் சிரித்தாள். சனூஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நஜ்முன் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். வருகிறவர்கள் குடிக்க மறந்ததுபோல விட்டுவிட்டுப் போக வசதியாக அவள் எப்போதும் அப்படித்தான் வைப்பாள். சனூஸா கோப்பையை எடுத்தாள். சூடு. ஊதி ஊதி முடித்தாள். வெறும் கோப்பை ஜன்னல் திட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டு நஜ்முன் திரும்பிப் பார்த்தாள்.

தட்டுகளில் இடியப்பம் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் பெருவிரலால் அமுக்கிய ஒரு சின்னக் குழி. ஆவி ஏறுவதற்கு. அந்தக் குழியை சனூஸா தினமும் காண்கிறாள்.

"மதினி, இது தாஹிர் நானாட கடை இடியப்பமெல்லா?"

"மெதுவாக் கதை. வெளிய கேக்கும்." நஜ்முன் தணிந்த குரலில் சொன்னாள். "காலம வேன்ல ஏத்தி விடுறன். ஆர்ட இடியப்பம் எண்டு கேட்டா கந்தளாய்ல இருந்து வருது எண்டு சொல்லச் சொல்லியிருக்கன். பாவம் தாஹிர், பொய் சொல்லிச் சொல்லி இப்ப அவருக்கே அது உண்மை மாதிரி."

"றிஷானா இது மட்டும்தான் தின்னுற."

"தெரியும். தாஹிர் சொன்னவர். அதுக்குத்தான் கொஞ்சம் இளக்கமாப் பெசையிறன்." உரலில் மாவை அடைத்தாள். "கிண்ணியா முழுக்க என்ட ஜின்தான் காலச் சாப்பாடு குடுக்குது. சொன்னா பாதி ஊர் தின்னதச் சத்தியெடுக்கும்."

இந்தத் தரம் சனூஸாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் அழுகை வந்தது. டொக்டர் கேட்டதைச் சொன்னாள். தாங்கள் சொன்ன பதிலையும் சொன்னாள்.

நஜ்முன் உரலைக் கீழே வைத்தாள். "அந்த டொக்டர் கேட்டதத் திரும்பச் சொல்லு."

"ஒப்பரேஷனுக்குப் பிறகு எழும்பப் பிந்தின ஆக்கள், தானா மூச்சு எடுக்க ஏலாம மெஷின்ல வெச்ச ஆக்கள் இருக்காங்களா எண்டு."

"இன்னொருக்காச் சொல்லு."

சனூஸா சொன்னாள்.

"எட்டு வருஷம்," என்றாள் நஜ்முன். "எல்லாரும் கேட்டாங்க. எந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல போன, எந்த மரத்துக்குக் கீழ நிண்ட, தலைய விரிச்சுப் போட்டியா. இத ஒருத்தரும் கேக்கல்ல."

"நீங்க சொன்னீங்கதானே மதினி. அந்தக் கலியாண வீட்டுல."

"சொல்லத் தொடங்கினனான். நீ எழும்பிட்டாய்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டியது. நஜ்முன் விறகை இழுத்து நெருப்பைத் தணித்தாள்.

"என்ன நடந்த எண்டு இப்ப சொல்லுவீங்களா?"

"நீ நம்புவியா?"

"நம்புறது நம்பாதது டொக்டர்ட வேல. நான் கேக்க வந்தனான்."

நஜ்முன் சொன்னாள். ஊசி போட்டதும் உடம்பு துடித்தது, பிறகு எல்லாம் இருண்டது. முழிப்பு வந்தபோது கண் திறக்கவில்லை. விரல் அசையவில்லை. வயிற்றில் தையல் நோவு. பக்கத்தில் ஆட்கள் கதைக்கிறார்கள். மூச்சு எடு என்று உடம்பு கத்துகிறது, எடுக்க முடியவில்லை. யாரோ உள்ளே காற்றை ஊதிவிடுகிறார்கள்.

"மௌத்தாயிட்டன் எண்டு நினைச்சன். கபுறுக்குள்ள வெச்சா என்ன செய்யிற எண்டு நினைச்சன். மறுகா ஒரு டொக்டர் காதுக்குப் பக்கத்துல வந்து கதைச்சவர். சிங்களம். எனக்குக் கொஞ்சம் விளங்கும். பயப்புடாத, குடுத்த மருந்து ஒன்ட ஒடம்புல கெதியாக் கரையல்ல, கரையிற வரைக்கும் நாங்க மூச்சுக் குடுக்கிறம் எண்டவர். அந்த மனுசன் நல்லா இருக்கணும். அந்தக் குரலப் புடிச்சிட்டுத்தான் கிடந்தனான்."

"அப்ப ஒங்களுக்கு முதல்லயே தெரியும்."

"தெரியும். வாப்பாட்டச் சொன்னன். உம்மாட்டச் சொன்னன். ஜின் டொக்டர் மாதிரிக் கதைக்குது எண்டாங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ற? என்ன சொன்னாலும் ஜின்தானே சொல்லுது."

வெளியே கேற்றடியில் மாடு ஒன்று நின்று கத்திவிட்டுப் போனது.

"நான் போய் டொக்டர்ட்ட இத அப்படியே சொல்றன்," என்றாள் சனூஸா.

"நீ என்னத்தச் சொல்லுவாய்? எந்த நேரம் துடிச்ச, எந்தப் பக்கம் நொந்த எண்டு கேட்டா உனக்குத் தெரியுமா? நீயா அங்க கிடந்த?" நஜ்முன் எழும்பினாள். "நான் வாரன்."

"சுஹைராட கலியாணம் கிட்ட வருது மதினி. உம்மா பயப்புடுறா."

"பயப்புடத்தான் வேணும். என்ட வாழ்க்கைய அவ பாத்தவதானே." முக்காட்டைச் சரிசெய்தாள். "ஆனா ஒண்டு. ஜின்னோட பஸ்ஸில வாரதெண்டா டிக்கட் ரெண்டு எடுக்கணும். நீதான் எடுக்கணும்."

ஆஸ்பத்திரியில் நஜ்முன் நிஸா கதைத்துக்கொண்டிருந்தபோது டொக்டர் இன்பமலர் இடைமறிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். பரீதாவும் வந்திருந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவள் கடைசி நேரத்தில் ஓட்டோவில் ஏறிவிட்டாள். இரண்டு கதிரை தள்ளி இருந்தாள். முகத்தைச் சுவருக்குக் கொடுத்திருந்தாள்.

"அதுக்குப் பிறகு வேற ஒப்பரேஷன் ஏதும் செய்தனீங்களா?" என்றார் டொக்டர்.

"இல்ல. பல்லுக் கூடப் புடுங்கல்ல. பயம்."

"உங்களுக்கு நடந்தது எனக்கு விளங்குது. தசையைத் தளர்த்துறதுக்கு ஒரு மருந்து இருக்கு. போட்டால் கொஞ்ச நேரம் கை, கால், நெஞ்சு ஒண்டும் அசையாது. எல்லாருக்கும் இரத்தத்தில அதைக் கரைக்கிற ஒரு சத்து இருக்கு. அதால கெதியா இறங்கிடும். சில பேருக்கு அந்தச் சத்துப் பிறப்பிலேயே வேலை செய்யாது. அவைக்கு இறங்க மணித்தியாலக்கணக்கா எடுக்கும். அவ்வளவுதான். இது நோய் இல்ல. சாப்பிடுறதுக்கு, பிள்ளை பெறுறதுக்கு, கலியாணம் கட்டுறதுக்கு ஒரு தடையும் இல்ல. அந்த ஒரு மருந்து மட்டும் ஆகாது."

பரீதா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"இரத்தம் எடுத்துப் பாக்கோணும். மறுமொழி வர நாளெடுக்கும். ஆனா நீங்கள் சொன்னதே எனக்குக் காணும்."

"அது எங்கட மருமகன் பக்கத்துச் சாமான்," என்றாள் பரீதா. "என்ட பேத்திக்கு ஏன் வரப்போகுது?"

"தாய் வழி, தகப்பன் வழி ரெண்டாலயும் வந்தால்தான் இப்படி நடக்கும். இந்தப் பிள்ளையின்ர தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள். ஒரே இரத்தம். பிள்ளைக்கு இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. தெரியிற வரைக்கும் இருக்கு எண்டுதான் நான் வேலை செய்வன்."

சனூஸா கேட்டாள். "திகதி தள்ளிப் போகுமா டொக்டர்?"

"போகாது. முன்னமே தெரிஞ்சா நான் வேற மருந்தோட ஆயத்தமா நிப்பன். தெரியாமல் இருந்தால்தான்..." டொக்டர் நிறுத்தினார். பேனையை எடுத்து மூடினார். "தொண்டை ஒப்பரேஷன் முடியிற நேரம் சின்னப் பிள்ளையளுக்கு சிலவேளை தொண்டை இறுகும். காத்துப் போகாது. அந்த அவசரத்தில எங்கட கை முதல்ல போறது அந்த மருந்துக்குத்தான். நீங்கள் வந்து சொல்லாட்டி நான் அதைத்தான் போட்டிருப்பன்."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் உரசியது.

"டொக்டர்," என்றாள் நஜ்முன். "அந்த மருந்து எப்படியிருக்கும்?"

"ஏன்?"

"எட்டு வருஷமா அதோட குடும்பம் நடத்துறன். மூஞ்சி தெரியாது."

ஒப்பரேஷன் நாளன்று விடியமுன்பே எழும்பிவிட்டார்கள். டொக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. றுவைஸ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒப்பரேஷன் தியேட்டர் வாசல்வரை நடந்தான். அதற்குமேல் சனூஸாவை மட்டும் விட்டார்கள். பச்சை உடுப்புப் போட்டு உள்ளே போனாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்திருந்தது.

கத்தியைத் தொடுமுன் அங்கே எல்லோரும் கைவேலையை நிறுத்தினார்கள். ஒரு தாதி மிஸ்ஸி பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். என்ன ஒப்பரேஷன் என்று சொன்னாள். பிறகு டொக்டர் இன்பமலர், இந்தப் பிள்ளைக்கு அந்த மருந்து வேண்டாம் என்று தமிழில் சொன்னார். அதையே சிங்களத்திலும் சொன்னார். சதை வெட்டுகிற டொக்டர் அதைத் திரும்பச் சொன்னார். மிஸ்ஸியும் திரும்பச் சொன்னாள். தலையாட்டினால் போதும் என்று அங்கே ஒருவரும் விடவில்லை. எட்டு வருடத்துக்கு முன் மாமா தலையாட்டிவிட்டு வந்தது சனூஸாவின் நினைவுக்கு வந்தது.

முகமூடி வைத்ததும் பிள்ளையின் விரல் கழன்றது. சனூஸாவை வெளியே அனுப்பினார்கள்.

அவளுக்குப் பின்னால் மிஸ்ஸி ஒரு சின்னத் தட்டோடு வந்தாள். "டொக்டர் இதை இந்த அறைக்குள்ளயே வைக்க வேணாம் எண்டவ. பக்கத்து அறை ஐஸ்பெட்டிக்குக் கொண்டுபோறன். ஆர் நஜ்முன் நிஸா? காட்டிட்டுப் போகச் சொன்னவ."

நஜ்முன் எழும்பி வந்தாள். தட்டில் இரண்டு கண்ணாடிக் குப்பி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உள்ளே வெறும் பச்சைத்தண்ணி மாதிரி ஏதோ இருந்தது. குளிரில் கண்ணாடி வியர்த்திருந்தது.

நஜ்முன் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நான் பெரிசா ஒண்ட நினைச்சிட்டிருந்தன்." நிமிர்ந்தாள். "கிழவிமார் சொல்ற கதையில ஜின் குப்பிக்குள்ளதானே இருக்கும். அது சரியாத்தான் இருக்கு."

முதலில் சிரித்தது பரீதா. சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காத்திருந்தார்கள். தாழ்வாரத்துக்கு அப்பால் ஜன்னலில் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரிந்தது. கோதுமை மாக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. றுவைஸ் இருந்தான், எழும்பினான், இருந்தான். பரீதா தஸ்பீஹ் மணி உருட்டினாள். சனூஸா குறட்டையைக் கேட்க முயன்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அழுகை கேட்டது. கரகரத்த, கோபமான அழுகை. சனூஸா கதவடிக்கு ஓடினாள்.

டொக்டர் இன்பமலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். நெற்றியில் அதன் தடம் இருந்தது.

"பிள்ளை சுகம். கடைசியில தொண்டை இறுகினது. எதிர்பார்த்துத்தான் நிண்டனாங்கள். வேற மருந்து குடுத்தம். கெதியா விட்டிட்டுது." நஜ்முனைப் பார்த்தார். "உங்களுக்கு நான் ஒரு அட்டை தருவன். எங்க போனாலும் கையில வச்சிருங்கோ. சொந்தக்காரர் எல்லாரும் ஒருக்கா இரத்தம் குடுங்கோ."

"என்ட சின்ன மகளும் குடுக்கணுமா?" என்றாள் பரீதா. "கலியாணம் கட்டப் போற புள்ள."

"கட்டாயம். அவவுக்கும் ஒருநாள் பிள்ளை பிறக்கும்தானே."

பரீதா தலையாட்டவில்லை. "ஓம், கூட்டி வாரன்," என்று வாயால் சொன்னாள்.

பின்னேரம் வார்ட்டில் றிஷானா தூங்கினாள். குறட்டை இல்லை. சனூஸா பழக்கத்தில் ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்தாள். மூச்சு போய் வந்தது. இவ்வளவு மெதுவாக மூச்சு விடும் பிள்ளையை அவள் கண்டதில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை.

எழும்பியதும் பிள்ளைக்கு ஐஸ்கிறீம் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு கரண்டி தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தது. "இடியப்பம்," என்றது, உடைந்த குரலில்.

"நாளைக்குத் தாறன் மகள்," என்றாள் பரீதா. "பால்ல நல்லா ஊறவெச்சு, ஆறவெச்சுத் தரலாம் எண்டு மிஸ்ஸி சொன்னவ."

சனூஸா நஜ்முனைப் பார்த்தாள். நஜ்முன் ஜன்னலைப் பார்த்தாள்.

"உம்மா, தாஹிர் நானாட இடியப்பம்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நடுவுல பெருவிரல் குழி. என்ட மாமி அப்படித்தான் புழிஞ்சவ. அவட மகளும் அப்படித்தான் புழிஞ்சவ. கந்தளாய்ல ஆருக்கு அந்த விரல் இருக்கு?" பரீதா ஐஸ்கிறீம் கோப்பையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"புள்ளைக்குச் சோறு இறங்காமப் போன நாள்ல இருந்து. நான்தானே கடைக்குப் போய் வாங்கினனான்."

றுவைஸ் மாமியைப் பார்த்தான். பெருநாள் பலகாரம் கோழிக்குப் போனதை அவனும் கண்டிருக்கிறான்.

"அப்ப மாமி," என்றாள் நஜ்முன், ஜன்னலிலிருந்து திரும்பாமலே. "ஜின்ட கைச் சாப்பாட்டையா பேத்திக்குக் குடுத்த நீங்க?"

"புள்ளைக்கு இறங்கின சாப்பாடு அது," என்றாள் பரீதா. "ஊருக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு எண்டு இருந்திட்டன். சுஹைராட கலியாணம் முடியட்டும் எண்டு இருந்தனான். எனக்கு அதுதான் வழி தெரிஞ்ச."

வார்ட்டின் மறுகோடியில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. பரீதா வெறுங்கோப்பையைப் பைக்குள் வைத்தாள். பையின் வாரைச் சரிசெய்தாள். பிறகு நஜ்முனை நேராகப் பார்த்தாள்.

"நாளைக்கு இடியப்பத்தக் கடைக்கு அனுப்பாத. நேர வீட்டுக்குக் கொண்டு வா. பகல்ல வா. முன் வாசலால வா."

நஜ்முன் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பஸ்ஸுக்கு ஜின்னுக்கும் சேத்து டிக்கட் ரெண்டா மாமி, ஒண்டா?"

"ஒண்டு போதும்," என்றாள் பரீதா.